நைஜீரியாக்காரர் கக்கத்துக்குள்ள வைச்சு அடிக்கிற மேளம் உண்மையில கதைக்குதோ?

குளக்கட்டு, முள்ளியவளை:
நான் காத்தவராயன் கூத்துக்கு உடுக்கடிக்கிறனான். மகன் போன்ல ஒரு வீடியோ காட்டினவன். நைஜீரியாவில ஒருத்தர், எங்கட உடுக்கு மாதிரியே இடை சிறுத்த மேளம், ஆனா நல்ல பெரிசு. கக்கத்துக்குள்ள வைச்சு வாரை நெரிக்கிறார், மற்றக் கையில வளைஞ்ச கம்பு. நெரிக்கச் சத்தம் ஏறுது, விட இறங்குது. அது எனக்குப் புதுசில்லை, நாங்களும் கயித்தை நெரிச்சுத்தான் உடுக்கை அழ வைக்கிறது. ஆனா கீழ 'பேசும் மேளம்' எண்டு போட்டிருந்தது. பறை கேட்டா செத்தவீடோ கோயிலோ எண்டு எங்களுக்கும் விளங்கும்தான், அது அடையாளம். நான் கேக்கிறது, வசனமே வருமோ?

பாலைப்பழம்:
வரும் அண்ணை. அது யோருபா ஆக்களின்ர டுண்டுன். அவையின்ர பாசையில சுருதி மாறினா சொல்லே மாறிப்போகும், மேல, நடு, கீழ எண்டு மூண்டு. 'ஒக்கொ' எண்டதை நடுச்சுருதியில ஒரே மட்டத்தில சொன்னா புருசன். கடைசியை ஏத்தினா மண்வெட்டி, இறக்கினா வாகனம். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் மேளம் அடிக்குது. கூட்டத்தில முன்னுக்கு நிண்டு கதைக்கிற மேளத்துக்குப் பேர் 'இயா இலு', தாய்மேளம்.

குளக்கட்டு:
அப்ப ஒரே சுருதியில ரெண்டு சொல்லு வந்தா? புருசனைக் கூப்பிட வேற என்னவோ வந்து நிக்குமே!

பாலைப்பழம்:
கொங்கோவில லொகெலே ஆக்கள் அதுக்கு வழி வைச்சிருக்கினம். அவையினது தோல் மேளமில்லை, குடைஞ்ச மரக்குத்தி, ரெண்டே சுருதி. நிலாவுக்கும் கோழிக்கும் அடி ஒண்டு. அதால தனிச்சொல்லு அடிக்கிறேல்லை. 'மண்ணைப் பாக்கிற நிலா', 'கியோகியோ எண்டு கத்திற சின்னக் கோழி' எண்டு முழு வசனமா அடிப்பினம். எங்கட அண்ணாவியார் ராசாவைச் சும்மா ராசா எண்டு சொல்லாம அடைமொழியோட இழுக்கிற மாதிரி.

வேம்படி:
யோருபா எண்டபடியா ஒரு சொருகல். அவையின்ர கெலெடே ஆட்டத்தில மரமுகமூடியைத் தலைக்கு மேல கட்டி, ஆம்பிளையள் பொம்பிளை உடுப்போட ஆடுவினம், தாய்மாரை, அதுவும் வயசுபோன மனுசியளைக் கும்பிட. யுனெஸ்கோ 2001இல அதை மானிடத்தின்ர மரபுச்சொத்து எண்டு அறிவிச்சது. கூத்தில பெண்வேசம் கட்டின ஆக்களை நக்கலடிக்கிற எங்கட பெடியளுக்கு இதைக் காட்டோணும்.

குளக்கட்டு:
நன்றி தம்பியவை. தமிழில சுருதி மாறினா சொல்லு மாறாது, எண்டாலும் விடேல்லை. நேற்றுப் பின்னேரம் திண்ணையில இருந்து 'தேத்தண்ணி கொண்டா' எண்டு உடுக்கில அடிச்சுப் பாத்தன். தேத்தண்ணி வரேல்லை. "நிப்பாட்டுங்கோ, அம்மாவுக்கு உரு வந்திடும்" எண்டு குசினிக்குள்ள இருந்து மனுசி கத்தினதுதான்.