ஆஸ்துமா இன்ஹேலரும் ஊக்கமருந்துச் சோதனையும்: விளக்கம் தேவை

குழுவினருக்கு வணக்கம். பல ஆண்டுகளாக ஆஸ்துமாவுக்குச் சால்பியூட்டமால் இன்ஹேலர் எடுத்துவரும் நான், ஊக்கமருந்துச் சோதனை நடக்கக்கூடிய சைக்கிள் பந்தயம் ஒன்றில் முதன்முறையாகக் கலந்துகொள்ளவிருக்கிறேன். 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமுக்கு மிகாமல் உறிஞ்சலாம் என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதி. ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் தரும் என் இன்ஹேலரில் அது ஆறு அழுத்தம்தான்.

என்னைக் குழப்புவது சிறுநீர்க் கணக்கு. 2017 ஸ்பெயின் சுற்றுப்பந்தயத்தில் சைக்கிள் வீரர் கிறிஸ் ஃப்ரூமின் சிறுநீர் மாதிரியில், மில்லிலிட்டருக்கு 1,000 நானோகிராம் என்ற வரம்பைப்போல் இருமடங்கு மருந்து இருந்தது. சிறுநீரின் அடர்த்திக்கேற்பத் திருத்தியபின் அது 1,429 ஆகக் குறைந்தது, 2018 ஜூலையில் வழக்கும் கைவிடப்பட்டது. 2014 இத்தாலிச் சுற்றில் 1,920 காட்டிய டியேகோ உலிஸ்ஸிக்கோ ஒன்பது மாதத் தடை. (இருவரும் வரம்பைத் தாண்டியும் முடிவு வேறுபட்டதற்குப் பணபலம்தான் காரணம் என்று சொல்லிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.)

இன்ஹேலரின் பின்புறச் சிறு எண்காட்டியில் தெரியும் எண்ணை, ஒவ்வொரு முறையும் நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். சந்தேகம் எழுந்தால் இத்தகைய பதிவு ஏற்கப்படுமா, மாதிரி கொடுக்கும்போதே படிவத்தில் அளவையும் குறிப்பிட வேண்டுமா என்பதை, சோதனைக்கு உட்பட்ட வீரர்களோ விளையாட்டு மருத்துவர்களோ விளக்கினால் நன்றியுடையவனாவேன்.