2024-இல் உலகெங்கும் நடந்த தேர்தல்கள், மக்கள் வாக்கெடுப்புகள்: பெரும்பான்மையை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்?

கேள்வி: அரூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். 2024-ஆம் ஆண்டில் இந்தியா, இந்தோனேசியா, பாகிஸ்தான், வங்கதேசம், அமெரிக்கா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, பிரிட்டன், இலங்கை என அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தேசிய அளவிலான தேர்தல்கள் நடந்தன. எந்த நாட்டில் யார் வென்றார் என்பதை மாணவர்கள் தாங்களாகவே தேடித் தெரிந்துகொள்கிறார்கள். வகுப்பில் அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு.

மே மாதம் லிதுவேனியாவில் இரட்டைக் குடியுரிமை குறித்து நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் சுமார் 74 சதவீதத்தினர் ஆதரவு தெரிவித்தும் அது தோற்றது. அக்டோபரில் மால்டோவாவில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் இலக்கை அரசியலமைப்பில் சேர்ப்பது குறித்து நடந்த வாக்கெடுப்பு வெறும் 50.35 சதவீத ஆதரவுடன் வென்றது. பிரிட்டனில் தொழிலாளர் கட்சி சுமார் 34 சதவீத வாக்குகளைப் பெற்று, 650 இடங்களில் 411 இடங்களைப் பிடித்தது. நம் தருமபுரித் தொகுதியில் வென்ற வேட்பாளருக்கும் பதிவான வாக்குகளில் ஏறத்தாழ 35 சதவீதமே கிடைத்தது. இவற்றை அடுத்தடுத்துக் கரும்பலகையில் எழுதியபோது, "பெரும்பான்மை என்றால் எத்தனை, அம்மா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடநூலில் உள்ள வரையறையைச் சொன்னால் அந்த மாணவிக்குப் போதாது என்று நினைக்கிறேன். இதைத் தெளிவாக விளக்குவது எப்படி? இந்தியாவில் இப்படி மக்களிடம் நேரடியாக ஒரு கேள்வியை வைத்து வாக்கெடுப்பு நடத்தியதுண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

வணக்கம் அம்மா. எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், எதில் எத்தனை என்று கேட்கும்படி அந்த மாணவியிடம் சொல்லுங்கள். நீங்கள் காட்டிய நான்கு எடுத்துக்காட்டுகளுக்கும் இடையிலான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

லிதுவேனியாவில் குடியுரிமை குறித்த அரசியலமைப்புப் பிரிவை மாற்ற வேண்டுமானால், வாக்களிக்க வந்தவர்களில் பாதிப் பேர் ஆதரித்தால் போதாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும். அன்று ஏறத்தாழ 59 சதவீதத்தினர்தான் வாக்களித்தார்கள். அவர்களில் 74 சதவீதம் என்பது மொத்தப் பட்டியலில் 43 அல்லது 44 சதவீதம்தான். அதாவது, வீட்டிலேயே இருந்துவிட்டவரின் மௌனமும் அங்கே எதிர்ப்பு வாக்காகவே எண்ணப்பட்டது. 2019-இலும் இதே பொருளில் நடந்த வாக்கெடுப்பு இதே காரணத்தால்தான் தோற்றது. மால்டோவாவில் அப்படியில்லை. வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வந்துவிட்டால் வாக்கெடுப்பு செல்லும். அதன் பிறகு பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். ஏறத்தாழ 10,500 வாக்குகள் வித்தியாசத்தில் அந்நாட்டின் அரசியலமைப்பு மாறியது.

நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுப்பதிலும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு. இந்தோனேசியாவில் அதிபராக வேண்டுமானால் பாதிக்கு மேல் வாக்குகள் பெற வேண்டும். அத்துடன் பாதிக்கும் மேற்பட்ட மாகாணங்களில் தலா 20 சதவீதத்துக்குக் குறையாமலும் பெற்றிருக்க வேண்டும். மக்கள் நெருக்கமாக வாழும் ஜாவா தீவை மட்டும் நம்பி ஒருவர் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 2024 பிப்ரவரியில் பிரபோவோ சுபியாந்தோ 58 சதவீதத்துக்கும் மேல் பெற்று முதல் சுற்றிலேயே வென்றார்.

மாணவர்களுக்கு இலங்கையை எடுத்துக்காட்டுவது இன்னும் பொருத்தமாக இருக்கும். அங்கே அதிபர் தேர்தலில் வாக்காளர் தம் முதல் விருப்பத்தையும், வேண்டுமானால் இரண்டாவது, மூன்றாவது விருப்பங்களையும் 1, 2, 3 என்று எண்ணிட்டுக் குறிக்கலாம். முதல் விருப்ப எண்ணிக்கையில் எவரும் பாதியைத் தாண்டாவிட்டால், முன்னணியில் உள்ள இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் போன வாக்குச்சீட்டுகளில் இந்த இருவரில் யாருக்கு அடுத்த விருப்பம் இருக்கிறது என்று பார்த்துச் சேர்ப்பார்கள். 1982 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த விதி முதன்முறையாகப் பயன்பட்டது 2024 செப்டம்பர் 21-இல் நடந்த தேர்தலில்தான். அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதமும் சஜித் பிரேமதாச 32.76 சதவீதமும் பெற்றதால் இரண்டாவது எண்ணிக்கைக்குப் போக வேண்டியிருந்தது. மற்ற வேட்பாளர்களுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த விருப்பத்தைக் குறிக்கவே இல்லை. எனவே திசாநாயக்க வென்றபோதும், செல்லுபடியான மொத்த வாக்குகளில் அவருடைய பங்கு பாதியை எட்டவில்லை. விருப்ப வாக்கு முறையே எல்லாவற்றுக்கும் தீர்வு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் தருமபுரியில் 2024-இல் தி.மு.க., பா.ம.க., அ.தி.மு.க. என மூன்று பெரிய வேட்பாளர்கள் நின்றார்கள். தி.மு.க. வேட்பாளர் பா.ம.க. வேட்பாளரைவிட ஏறத்தாழ 21,000 வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். மூன்றாவதாக வந்தவருக்கும் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வாக்குகள் கிடைத்தன. நம் சட்டப்படி மற்ற எவரையும்விட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவரே வென்றவர். பாதியைத் தாண்ட வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. மூன்றாவது வேட்பாளருக்குப் போன வாக்குகளின் இரண்டாவது விருப்பம் என்னவாக இருந்திருக்கும் என்பதை நம் முறை கேட்பதே இல்லை. இம்முறையில் முடிவு விரைவாகவும் ஐயமின்றியும் கிடைக்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை இது. இந்த விலை கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து.

பதில் 2: ஓசூர் வாசகர்

தலைமையாசிரியர் ஐயா எண்ணும் விதியைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். யாருடைய வாக்கு எண்ணிக்கைக்குள் வருகிறது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன். மால்டோவாவின் உள்நாட்டு வாக்குகளை மட்டும் எண்ணியிருந்தால் அந்த வாக்கெடுப்பு தோற்றிருக்கும். வெளிநாடுகளில் வேலை செய்யும் மால்டோவா மக்களுக்காக இருநூறுக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் திறக்கப்பட்டன. அங்கே வாக்களித்தவர்களில் முக்கால் பங்குக்கு மேல் ஆதரவு தெரிவித்ததால்தான் முடிவு மாறியது.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போயிருப்பவர்கள் ஏராளம். அவர்கள் வாக்களிக்க வேண்டுமானால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்துக் கட்டணமும் கொடுத்து ஊருக்கு வந்தாக வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் இரவு ஓசூர்ப் பேருந்து நிலையத்தில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தருமபுரி வண்டியில் நிற்கவாவது இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் குடும்பங்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கலாம். அப்படி இருந்தும் 2024 ஏப்ரல் 19-இல் தருமபுரித் தொகுதியில் 81 சதவீதத்துக்கும் மேல் வாக்குகள் பதிவாகின. தமிழ்நாட்டிலேயே அதுதான் மிக அதிகம். மாநிலச் சராசரி 70-ஐத் தொடவில்லை. வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க உதவும் ஓர் இயந்திரத்தை 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் அரசியல் கட்சிகளை அழைத்து விளக்கியது; 2024 தேர்தலில் அது பயன்பாட்டுக்கு வரவில்லை. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். இவ்வளவு சிரமத்திலும் ஊருக்கு வந்து வாக்களிக்கும் தொழிலாளர்களைப் பற்றி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதில் 3: பென்னாகரம், தேர்தல் பணி பார்த்தவர்

எண்ணும் இடத்தைப் பற்றியும் சொல்லுங்கள் அம்மா. இந்தோனேசியாவில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளில் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. வாக்காளர் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. தாம் விரும்பும் வேட்பாளரின் படத்தில் ஆணியால் துளையிடுகிறார். பதிவு முடிந்ததும் அதே சாவடியில், ஊர்மக்கள் பார்த்திருக்க, ஒவ்வொரு சீட்டையும் விரித்து உயர்த்திக் காட்டி உரக்கப் படிக்கிறார்கள்; எதிரே ஒட்டியுள்ள பெரிய தாளில் ஒருவர் கோடு போட்டுக்கொண்டே வருகிறார். தைவானிலும் ஜனவரி 13-இல் இப்படித்தான் எண்ணினார்கள்.

நம் முறையில் நம்பிக்கைக்கான ஏற்பாடுகள் வேறு இடங்களில் இருக்கின்றன. பதிவு தொடங்குவதற்கு முன், வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளைப் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, கணக்கு ஒத்துவருகிறதா என்று காட்டி, அவற்றை அழித்த பிறகே இயந்திரத்துக்கு முத்திரை வைக்கிறோம். வாக்காளர் பொத்தானை அழுத்தியதும் அச்சாகும் சீட்டு, கண்ணாடிக்குள் ஏழு வினாடிகள் தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. பதிவு முடிந்ததும் மொத்த வாக்குகளைப் படிவம் 17சி-யில் எழுதி, முகவர்களுக்கு நகல் கொடுக்கிறோம். 2024 நாடாளுமன்றத் தேர்தல் ஏழு கட்டங்களாக நடந்ததால், ஏப்ரல் 19-இல் இங்கே பதிவான வாக்குகள் ஜூன் 4 வரை காத்திருந்தன. அந்த ஒன்றரை மாதமும் அந்த நகல்தான் முகவரின் கையில் இருக்கும் சான்று. மாணவர்களுக்கு அந்தப் படிவத்தின் மாதிரியைக் காட்டுங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.

பதில் 4: பாலக்கோடு வாசகர்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம் அரசியலமைப்பில் மக்கள் வாக்கெடுப்புக்கு இடமில்லை. ஆனாலும் சில நேரங்களில் நடந்திருக்கிறது. 1948-இல் ஜூனாகத்திலும், 1975-இல் சிக்கிமிலும் இந்தியாவுடன் இணைவது குறித்து மக்களிடம் கேட்டார்கள். வகுப்பில் விரிவாகப் பேச ஏற்றது கோவா. மகாராஷ்டிரத்துடன் இணைவதா, தனி ஒன்றியப் பகுதியாகவே நீடிப்பதா என்று கேட்பதற்காக நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. 1967 ஜனவரி 16-இல் வாக்கெடுப்பு நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் குழப்பமின்றி வாக்களிக்க, இணைப்புக்குப் பூவும் தனித்து நிற்பதற்கு இரட்டை இலையும் சின்னங்களாகக் கொடுக்கப்பட்டன. 34,021 வாக்குகள் வித்தியாசத்தில் கோவா தனித்து நின்றது. கொங்கணி பேசும் மக்கள் தங்கள் அடையாளத்தைத் தாங்களே முடிவு செய்த நாள் அது.

சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் விவசாய நிலம் எடுக்கப்படும்போது, அந்த ஊர் மக்களிடம் இப்படி வாக்கு கேட்டால் என்ன என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. கிராம சபை இருக்கிறது, ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, தீர்மானமும் போடலாம். ஆனால் அங்கே கையெழுத்துதான் உண்டு, இரகசிய வாக்கு இல்லை. செல்வாக்குள்ளவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, குத்தகை நிலத்தில் பாடுபடும் ஒருவர் எப்படி எழுந்து மறுத்துப் பேசுவார்?

பதில் 5: கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

பாலக்கோடு நண்பரின் ஆதங்கம் நியாயமானது. இரகசிய வாக்கு வேண்டும் என்பதில் நானும் அவர் பக்கம்தான். ஆனால் கேள்வியை எழுதுபவர் யார் என்பதை முடிவு செய்யாமல் வாக்கெடுப்பை மட்டும் கொண்டுவந்தால், ஆட்சியில் இருப்பவர் தமக்கு வேண்டிய விடை வரும்படி கேள்வியை அமைத்துவிடுவார். சுவிட்சர்லாந்தில் ஒரு லட்சம் பேர் 18 மாதங்களுக்குள் கையெழுத்திட்டால், அரசியலமைப்பைத் திருத்தும் கேள்வியை மக்களே வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். 2024 மார்ச் 3-இல் முதியோருக்கு ஆண்டுக்குப் பதின்மூன்றாவது ஓய்வூதியத் தவணை வழங்கும் கோரிக்கை அப்படித்தான் வந்தது. அரசும் நாடாளுமன்றமும் வேண்டாம் என்று சொல்லியும் 58 சதவீத ஆதரவுடன் நிறைவேறியது. அதே நாளில் ஓய்வு பெறும் வயதை உயர்த்தும் கோரிக்கையை மக்கள் நிராகரித்தார்கள். இரு தரப்பு வாதங்களும் அடங்கிய சிறு நூல் ஒன்று, வாக்கெடுப்புக்கு முன்னரே ஒவ்வொரு வாக்காளரின் வீட்டுக்கும் வந்துவிடுகிறது.

ஐந்து நாள் கழித்து அயர்லாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. குடும்பத்தின் வரையறையை விரிவாக்குவது, வீட்டில் பெண்களின் கடமை குறித்த பழைய பிரிவை மாற்றுவது என்ற இரண்டு திருத்தங்களையும் பெரிய கட்சிகள் அனைத்தும் ஆதரித்தன. முன்மொழியப்பட்ட சொற்கள் தெளிவாக இல்லை என்ற குறை பரவலாக எழுந்தது. முதலாவதை ஏறத்தாழ 68 சதவீதத்தினரும், இரண்டாவதை ஏறத்தாழ 74 சதவீதத்தினரும் நிராகரித்தார்கள்.

கேட்டவர்: அரூர் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. அடுத்த வாரம் வகுப்பிலேயே ஒரு மாதிரித் தேர்தல் நடத்தலாம் என்று இருக்கிறேன். ஒரே வாக்குகளை வெவ்வேறு விதிகளின்படி எண்ணிக் காட்ட எளிய கணக்கு ஒன்று கிடைக்குமா?

பதில் 6: கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நாற்பது மாணவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. சுற்றுலா எங்கே போவது என்று கேளுங்கள். சீட்டில் முதல் விருப்பத்தையும் இரண்டாவது விருப்பத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஒகேனக்கல்லுக்கு 16, ஏற்காட்டுக்கு 14, கிருஷ்ணகிரி அணைக்கு 10 என்று வந்தால், நம் நாடாளுமன்றத் தேர்தல் விதிப்படி ஒகேனக்கல் வென்றது. இலங்கை விதிப்படி அணைக்குப் போன 10 சீட்டுகளையும் மறுபடி பிரியுங்கள். அவற்றில் 7 பேர் ஏற்காட்டையும் 2 பேர் ஒகேனக்கல்லையும் அடுத்த விருப்பமாக எழுதி, ஒருவர் எதுவும் எழுதாமல் விட்டிருந்தால், ஏற்காடு 21, ஒகேனக்கல் 18, ஏற்காடு வென்றது. பிறகு "ஏற்காட்டுக்குப் போகலாமா?" என்று மட்டும் கேட்டு, ஆம், இல்லை என்று ஒரு வாக்கெடுப்பு நடத்துங்கள். அன்று 12 பேர் வரவில்லை, வந்த 28 பேரில் 20 பேர் 'ஆம்' என்றால், மால்டோவா விதிப்படி அது நிறைவேறும்; லிதுவேனியா விதிப்படி 21 பேர் தேவை என்பதால் தோற்றுவிடும். எண்களை முன்கூட்டியே நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். மாணவர்கள் உண்மையில் எழுதிய சீட்டுகளையே எண்ணுங்கள். எந்த விதிப்படி எண்ணுவது என்பதைச் சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே அவர்களைக் கொண்டே எழுதி வைக்கச் செய்யுங்கள்.