அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: வேதமும் மனித உரிமையும் – அனுபவப் பகிர்வு

பெரம்பூரிலிருந்து:

எங்கள் தெருச் சபையில் பாதிப் பேர் துப்புரவு வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள். ஒப்பந்தக்காரர் கூலியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்திருந்த நேரம். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் பவுல் எழுதிய கொலோசெயர் கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்தார். வேலைக்காரர் எஜமானுக்கு எல்லாக் காரியத்திலும் கீழ்ப்படிய வேண்டும் என்று விளக்கு விளக்கென்று விளக்கினார். அதிகாரம் முடிந்தது, வேதாகமத்தை மூடினார்.

முன்னால் பாயில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். விடியற்கால வேலை முடித்து, பளபளக்கும் பட்டை வைத்த மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தவர். “ஐயா, அடுத்த வசனத்தையும் வாசித்துவிடுங்கள்” என்றார்.

“அது அடுத்த அதிகாரம் அம்மா.”

“எழுதினவர் ஒருவர்தானே ஐயா?”

அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் போட்டது. பவுலின் கடிதத்தில் எண்ணே கிடையாது. அக்காவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவரே எழுந்து வாசித்தார்: எஜமான்களே, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள். பிரசங்கியார், “ஜெபிப்போம்” என்றார். வேறு என்ன சொல்வார்!

அந்த வாரமே சபை வாலிபர்கள் சிலர் அக்காவையும் உடன் வேலை செய்கிறவர்களையும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துத் தொழிலாளர் துறைக்கு அழைத்துப் போனார்கள்.

தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்:

சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறார்கள். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 21-ஆம் பிரிவில், ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே தர வேண்டும், பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. பலருக்கு இது தெரியாது. ஒப்பந்தக்காரர் பின்னாலேயே அலைவார்கள்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் மனுவின் தலைப்பிலேயே வேதாகமத்தின் உபாகமம் 24:15-ஐ எழுதிக்கொண்டு வந்தார். கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்ற வசனம். அதற்கு முந்தைய வசனம், கூலிக்காரன் அந்நியனாக இருந்தாலும் ஒடுக்காதே என்கிறது. நம் ஊர்க் கட்டுமான இடங்களில் வேலை செய்யும் ஒடிசாக்காரருக்கும் பீகார்க்காரருக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் மனுவிலிருந்து வசனத்தை எடுக்கச் சொன்னேன். தொழிலாளர் துறையில் கேட்பது வருகைப் பதிவும் அடையாள அட்டையும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு எண்ணும். பெரியவருக்கு வருத்தம்தான். வசனத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சபைக்குப் போகாத ஒருவர், அண்ணா நகர்:

கீழ்ப்பாக்கத்தில் ஒரு கூட்டம். ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனமே வேதாகமத்தின் நகல்தான் என்றார் பேச்சாளர். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. 1948-இல் அந்தப் பிரகடனத்தின் முதல் உறுப்பில் ‘கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட’ என்று சேர்க்கப் பிரேசில் முன்மொழிந்தது, ஏற்கப்படவில்லை. சீனாவின் பி.சி.சாங் போன்றோர் எல்லா மரபினரும் ஒப்பும்படி இருக்கட்டும் என்றார்கள். ‘எல்லா ஆண்களும்’ என்றும் கொள்ள இடம் தந்த ஆங்கிலச் சொல்லை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்றவைத்தவர் நம் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. எழுந்து சொன்னேன். அவர் விடவில்லை: “லெபனான் கிறிஸ்தவர் சார்லஸ் மாலிக்கும் அதை எழுதிய குழுவில்தானே இருந்தார்?” இருந்தார், அதுவும் உண்மைதான். தேநீர் ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

இராயபுரத்திலிருந்து:

என் பங்குக்கு ஒன்று. நாங்கள் தலித் கிறிஸ்தவர்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் தருகிறார்கள். மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது அரசின் கணக்கு. போகிறதா?

ஒரு சபைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் கலாத்தியர் 3:28, யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று கொட்டை எழுத்தில். கடைசிப் பக்கம் மணமகள் தேவை. சாதியின் பெயரோடு, உட்பிரிவோடு, ‘இரட்சிக்கப்பட்ட பெண்’ என்ற நிபந்தனையோடு! இரண்டு பக்கத்தையும் கத்தரித்து ஆசிரியருக்கு அனுப்பினேன். விளம்பர வருமானம் ஊழியத்துக்குத்தான் போகிறது என்று பதில் வந்தது.