அங்கத்துக்கு ஓர் ஆள்: இது பங்கீடா, கூறுபோடலா?

கடைசிபெஞ்சு:
வகுப்பில் நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைப் பற்றிக் குழுவாகப் பேச வேண்டும். ஐந்து பேர், இருபது நிமிடம். நாடகத்தில் மூன்று அங்கம், அதனால் மூன்று பேருக்கு ஆளுக்கு ஒன்று. நாலாவது ஆளுக்கு இப்சன் வாழ்க்கை, அஞ்சாவது ஆளுக்கு ஸ்லைடு. பத்து நிமிடத்தில் பிரித்துவிட்டோம். ஒரு தோழி மட்டும் “இது பிரசன்டேஷன் இல்லை, கதைச்சுருக்கம்” என்று முரண்டு பிடிக்கிறாள். அவள் சொல்வதில் ஏதாவது இருக்கா?

திரைமறைவு:
நிறைய இருக்கு. நாடகத்தில் வருகிற மாக்கரூன் பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அங்கத்தில் கதாநாயகி நோரா அதை ஒளித்துத் தின்றுவிட்டு, தொடவே இல்லை என்று கணவனிடம் பொய் சொல்கிறாள். இரண்டாம் அங்கத்தின் கடைசியில் அவன் காதுபடவே “நிறையக் கொண்டு வா” என்று வேலைக்காரியிடம் கேட்கிறாள். மூன்றாம் அங்கத்தில் வீட்டையே விட்டுப் போகிறாள். இது ஒரே கோடு. உங்கள் பங்கீட்டில் இந்தக் கோட்டை யார் பேசுவார்? முதல் அங்கக்காரர் பிஸ்கட்டை ஒரு வரியில் தாண்டிவிடுவார், இரண்டாமவருக்கு அது கண்ணிலேயே படாது.

கறார்கணக்கு:
அழகாகத்தான் இருக்கு. ஆனால் நடைமுறை? ‘பொருள் வாரியாகப் பேசலாம்’ என்று ஆரம்பிக்கிற குழுவில் ஒருத்தர்தான் முழு நாடகத்தையும் படிப்பார், மற்றவர்கள் அவர் எழுதித் தந்ததை ஒப்பிப்பார்கள். மார்க் மட்டும் எல்லாருக்கும் சமம். அங்கம் பிரித்தால் யார் உழைக்கவில்லை என்று பளிச்சென்று தெரியும். எனக்கு நியாயம்தான் முக்கியம், நயம் அப்புறம்.

பழையமாணவி:
அந்த நியாயத்தை நான் அனுபவித்திருக்கிறேன். எங்கள் குழுவும் அப்படித்தான் பிரித்தது. பேசி முடித்ததும் ஆசிரியை கேட்டார்: “கடன் பத்திரத்தில் நோரா தன் அப்பா பெயரில் போட்டது கள்ளக் கையெழுத்து என்று, கடன் கொடுத்த க்ரோக்ஸ்டாட் எப்படிக் கண்டுபிடித்தான்?” அது முதல் அங்கம். அதைப் பேச வேண்டியவன் அன்றைக்கு லீவு. மீதி நாலு பேரும் முழித்தோம். அப்பா செத்தது செப்டம்பர் 29, கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதி அக்டோபர் 2! கதையே நகர்வது அதில்தான், எங்களுக்குத் தெரியவில்லை.

கறார்கணக்கு:
அது படிக்காத தப்பு அக்கா, பிரித்த தப்பு இல்லை.

பழையமாணவி:
பிரித்ததால்தானே தம்பி படிக்கவில்லை! ‘என் பங்கு இல்லை’ என்று ஒரு சாக்கு கையில் கிடைத்துவிட்டது.

திரைமறைவு:
ஒரு யோசனை. நாடகம் 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் அரங்கேறியது. அடுத்த வருஷமே ஜெர்மனியில் நோராவாக நடிக்க வேண்டிய நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகிற தாயாக நடிக்க மாட்டேன் என்றார். வேறு யாரோ கைவைப்பதற்குள் நாமே எழுதிவிடலாம் என்று இப்சனே மாற்று முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் கணவன் அவளைக் குழந்தைகள் தூங்கும் அறை வாசலுக்குக் கூட்டிப்போகிறான், அவள் அங்கேயே துவண்டு சரிகிறாள், திரை விழுகிறது. எழுதியவரே அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றார். இந்த இரண்டு முடிவையும் வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள், மிச்ச நேரத்தில் எது ஏன் பொருந்தும் என்று குழுவே இரண்டாகப் பிரிந்து வாதாடட்டும். வாதாட வேண்டுமென்றால் மூன்று அங்கமும் படித்தே ஆக வேண்டும். கறார்கணக்கு கேட்கிற நியாயமும் அதில் வந்துவிடும்.

கறார்கணக்கு:
நடிப்பு என்றாலே வகுப்பு சிரிக்கும். நோரா கதவைச் சாத்துகிற இடத்தில் எவனாவது மேசையைத் தட்டுவான், அதோடு எல்லாம் முடிந்தது.

திரைமறைவு:
நடிக்கச் சொல்லவில்லை, நின்று வாசித்தால் போதும். தட்டினால் தட்டட்டும். அந்தக் கதவுச் சத்தத்துக்கு அன்றைக்கு ஊரே கொதித்தது, உங்கள் வகுப்பு சிரிக்கவாவது செய்யட்டுமே.

கறார்கணக்கு:
சரி, வாதம் வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யார் எந்தக் குறிப்பை எடுத்தார் என்று கடைசி ஸ்லைடில் பெயர் இருக்கணும். இதில் மட்டும் இறங்கிவர மாட்டேன்.

கடைசிபெஞ்சு:
தோழியிடம் காட்டினேன். மாற்று முடிவுக்கு ஆதரவாகத் தானே பேசுவதாகச் சொல்கிறாள், அதுதான் கஷ்டமான பக்கமாம். அவளுக்கு எதிராகப் பேச வேண்டியது நான். ஸ்லைடு போட ஒப்புக்கொண்டவன் மட்டும் கடுப்பில் இருக்கிறான். “அப்போ நானும் நாடகத்தைப் படிக்கணுமா?” என்று கேட்கிறான்.