மீன் நாற்றங்கால் குளத்தில் நீர்வண்டுப் புழு: நுண்குஞ்சு குறைந்துகொண்டே போகிறது

கேள்வி: 10 சென்ட் மண் குளம். சாணமும் கடலைப் பிண்ணாக்கும் போட்டு, தண்ணீர் நன்றாக நிறம் ஏறிய பிறகு கட்லா, ரோகு மீன் நுண்குஞ்சு விட்டிருக்கு. இப்போ ஓரத்தில் செத்த குஞ்சு ஒதுங்குது, வெறும் தோல்தான் மிச்சம். வலையில் 3 செ.மீ. நீளப் புழு வருது; அரிவாளாய் வளைந்த இரண்டு தாடை, வாலை மேலே நீட்டித் தலைகீழாய்த் தொங்குது. மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாங்க. இது நீர்மூழ்கி வண்டின் புழு. தாடைக்குள் ஓடும் குழல் வழியாகச் செரிமான நீரைக் குஞ்சுக்குள் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சும். அதனால்தான் தோல் மட்டும் மிஞ்சுது. பூச்சிமருந்து போட்டால் குஞ்சும் போகும், அது தின்னும் நுண்ணுயிர் மிதவையும் போகும். 3 மி.மீ. கண்ணி வலையை ஓரமாக மெதுவாக இழுங்க. குஞ்சு நழுவிடும், புழு சிக்கும். இரவில் டார்ச் அடித்து, மூச்சுக்கு மேலே வந்து தொங்குவதைக் கைவலையால் அள்ளலாம். களையை வேரோடு எடுங்க. புழு ஒளிவது அதில்தான், வண்டு முட்டை வைப்பதும் அதன் தண்டில்தான்.

இன்னொரு பதில்: அடுத்த முறை குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு சோப்பு எண்ணெய்க் கரைசல் தெளிங்க. ஹெக்டேருக்கு 56 கிலோ தாவர எண்ணெய், 18 கிலோ மலிவான துணி சோப்பு. உங்கள் 10 சென்ட்டுக்கு சுமார் 2¼ கிலோ எண்ணெய், 720 கிராம் சோப்பு. சோப்பைச் சீவி வெந்நீரில் முழுக்கக் கரைத்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பால்போல் ஆகும்வரை கலக்கணும். இது நீர்மேல் படலமாய்ப் பரவி, மூச்சுக்கு மேலே வரும் புழுவைத் திணறடித்துக் கொல்லும்; எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றால் படலம் சீராகப் பரவாது. காற்று அடித்தால் படலம் ஒரு கரைக்கு ஒதுங்கி, எதிர்க்கரைப் புழு தப்பிடும். அதனால் காற்றில்லாத நேரமாகப் பாருங்க. தும்பிப் புழு செவுளால் மூச்சுவிடும், இதற்குச் சாகாது; அதற்கு வலைதான். குஞ்சு இருக்கும்போது இதைத் தெளிக்கவே கூடாது, சோப்பு செவுளைக் கெடுக்கும்.

கேள்வி: நன்றிங்க. கறுப்பு வண்டும் நிறைய இருக்கு. எல்லாமே குஞ்சு தின்னுமா? கரை விளக்கை அணைக்கணுமா?

பதில்: நீந்துவதைக் கவனிங்க. பின்னங்கால் இரண்டையும் ஒரே சமயத்தில் அடித்தால் அது வேட்டை வண்டு. மாற்றி மாற்றி அடித்தால் பெரும்பாலும் அழுகல் தின்னி, ஆனால் அதன் புழுவும் குஞ்சைப் பிடிக்கும், ரெண்டையும் எடுத்திடுங்க. விளக்கைக் கட்டாயம் அணைங்க, வண்டு இரவில் பறந்து வெளிச்சத்துக்கு வரும். குளத்தைக் காயப்போட்டாலும் கரை ஈரமண்ணில் கூட்டுப்புழு பிழைச்சிருக்கும். தண்ணீர் நிரப்பிவிட்டுக் குஞ்சு விட நாள் கடத்தாதீங்க, அந்த இடைவெளியில்தான் புழு பெருகுது.