நம்ம வீட்டுக் குழு: வைஃபை விவகாரம்

பெரியப்பா: பேங்க் வெப்சைட் போட்டா வேற மாதிரி பக்கம் வருது. ஓடிபி கேக்குது. உங்க பெரியம்மா போன்லயும் அப்படியே

வசந்தி அத்தை: குடுத்துட்டீங்களாண்ணா???

பெரியப்பா: இல்லம்மா

கார்த்தி: பெரியப்பா, வைஃபைய ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால பாருங்க

பெரியப்பா: இப்ப சரியா வருது

கார்த்தி: அப்ப ரவுட்டர்லதான் கோளாறு. டிஎன்எஸ்ஸ எவனோ மாத்திட்டான். பேங்க் பேரு அடிச்சா அதோட ஐபி, அதான் நெட் விலாச நம்பர், என்னன்னு சொல்றது டிஎன்எஸ்தான். ரவுட்டர் கை காட்டுற ஆளைத்தான் வீட்ல எல்லா போனும் கேக்கும். பிரவுசர்ல எச்சரிக்கை எதுவும் வரலையா?

பெரியப்பா: செவப்பா ஏதோ வந்துச்சு. தொடரவும்னு அமுக்கினேன்

ப்ரியா: அப்பா 🤦

கார்த்தி: ரவுட்டர் பாஸ்வேர்ட்?

பெரியப்பா: அட்மின். யூசர்நேமும் அட்மின்தான். அடியில ஒட்டிருக்கு

கார்த்தி: 2016ல மிராய்னு ஒரு வைரஸ் வந்துச்சே, இந்த மாதிரி அறுபது சொச்சம் யூசர்நேம்-பாஸ்வேர்ட் ஜோடிய வச்சுத்தான் லட்சக்கணக்கான கேமரா, ரவுட்டர்ல பூந்துச்சு. 2018ல விபிஎன்ஃபில்டர்னு இன்னொரு வைரஸ், 5 லட்சம் ரவுட்டர். எஃப்பிஐயே எல்லாரையும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிச்சு. ரீஸ்டார்ட் பண்ணினாலும் வைரஸோட முதல் பகுதி போகாது, ஃபேக்டரி ரீசெட் பண்ணாத்தான் போகும்

சித்தப்பா: கட்டுரை வேணாம்டா. என்ன செய்யணும்?

கார்த்தி: பின்னாடி ஓட்டைல ஊசிய விட்டு ரீசெட்

வசந்தி அத்தை: மேல் வீட்டுக்கு பாஸ்வேர்ட் குடுத்தது யாரு? அப்பவே சொன்னேன்

பெரியப்பா: அவங்கள ஏன் இழுக்குற

கார்த்தி: ரீசெட்டுக்கு முன்னாடி பிபிபிஓஇ, அதான் நெட் கனெக்‌ஷனுக்கு உள்ள யூசர்நேம், பாஸ்வேர்ட குறிச்சு வைங்க பெரியப்பா

பெரியப்பா: ரீசெட் பண்ணிட்டேன். நெட்டே வரல

ப்ரியா: 😂😂

கார்த்தி: நெட்காரங்களுக்கு போன் போட்டா தருவாங்க. வந்ததும் அட்மின் பாஸ்வேர்ட மாத்துங்க. டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்ட் அடிக்காம வைஃபைல சேர்றது), ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியேருந்து ரவுட்டர் செட்டிங்க மாத்துறது) ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. ஆனா அந்த மாடலுக்கு அப்டேட் வர்றதே நின்னுபோச்சு. நானே ஒரு ரவுட்டர் செஞ்சு தரேன்

சித்தி: ஆரம்பிச்சுட்டான்

ப்ரியா: கார்த்திண்ணா, நீ கழட்டின இன்வெர்ட்டர் இன்னும் பரண்லதான் கெடக்கு

கார்த்தி: அது வேற. இதுக்கு ரெண்டு லேன் போர்ட் உள்ள கம்ப்யூட்டர் போதும். ஒண்ணு மோடத்துக்கு, ஒண்ணு வீட்டுக்கு. டெபியன் லினக்ஸ் போட்டு, அதுல உள்ள என்எஃப்டேபிள்ஸ்ங்கற ஃபயர்வால்ல வெளியேருந்து தானா வர்றத மொத்தமா தடுத்துடலாம். நாம கேட்டதுக்கு வர்ற பதில் மட்டும் உள்ள வரும். வீட்டு போனுக்கெல்லாம் ஐபி குடுக்க டிஎன்எஸ்மாஸ்க்னு ஒரு சாஃப்ட்வேர். பழைய ரவுட்டர் சும்மா வைஃபை பரப்பினா போதும். முக்கியமா, அப்டேட் நம்ம கையில. தாத்தா கம்ப்யூட்டர் சித்தப்பா வீட்லதான இருக்கு? ஒரு லேன் கார்டு சேர்த்தா ஆச்சு

சித்தி: அது எங்களுக்குன்னு குடுத்தது

வசந்தி அத்தை: யார் சொன்னா? அப்பா அப்படி சொல்லவே இல்ல

சித்தப்பா: வசந்தி, இங்க வேணாம்

ப்ரியா: அந்த டப்பா 24 மணி நேரமும் ஓடினா கரண்ட் பில் யார் கட்டுறது?

கார்த்தி: மினி பிசின்னா 10 வாட் சுமாருக்குத்தான் இழுக்கும். இல்லன்னா ஓப்பன்டபிள்யூஆர்டினு ரவுட்டருக்கான லினக்ஸ் ஏத்தலாம், பழைய ரவுட்டர்லயே. மாடல் நம்பர் அனுப்புங்க பெரியப்பா, சப்போர்ட் இருக்கான்னு பாக்குறேன்

பெரியப்பா: 📷 போட்டோ

கார்த்தி: இது இன்வெர்ட்டர்

பெரியப்பா: கண்ணாடி போட்டுட்டு வரேன்

சித்தப்பா: கம்ப்யூட்டர் விஷயம் ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்

வசந்தி அத்தை: பேசுவோம் பேசுவோம்