துக்க வீட்டில் பார்க்க ஏற்ற கிறிஸ்துமஸ் படம் எது?

கேள்வி (உதகை): மாமா மறைந்த பின் வரும் முதல் கிறிஸ்துமஸ் என்பதால், வாசலில் நட்சத்திரம் கட்ட வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். உறைபனி இரவில் கணப்பருகே அமர்ந்து அவருடன் பார்க்க, தேவதூதர் (அத்தையின் சொல்லில் சம்மனசு) ஒருவர் துயருற்றவருக்குத் துணைநிற்கும் படம் ஏதேனும் உண்டா?

மறுமொழி (குன்னூர்): ஃபிராங்க் காப்ரா 1946இல் இயக்கிய 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கும் ஜார்ஜ் பெய்லிக்கு, இன்னும் சிறகு பெறாத கிளாரன்ஸ் என்னும் தூதர், அவர் பிறவாதிருந்தால் ஊர் என்னவாகியிருக்கும் என்று காட்டுகிறார்.

மறுமொழி (கோத்தகிரி): அது பணம் தொலைந்து மனமுடைந்தவரின் கதை, சாவுத் துக்கம் அதன் மையம் அன்று. 1985இல் வெளிவந்த 'ஒன் மேஜிக் கிறிஸ்துமஸ்' இன்னும் நெருக்கமானது. அதில் வங்கிக் கொள்ளையின்போது கணவரைப் பறிகொடுக்கும் ஜின்னிக்காக, கிதியோன் என்னும் தூதர் (ஹாரி டீன் ஸ்டான்டன்) அவருடைய சிறுமகளின் மூலம் செயல்படுகிறார். ஆயினும் முடிவில் கணவர் உயிருடன் திரும்பிவிடுவதால், தமக்குக் கிடைக்காத வரம் திரையில் கிடைப்பதைக் காண்பது அத்தைக்கு வலிக்கக்கூடும், முன்பே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்: நல்ல எச்சரிக்கை, ஐயா. முதற்படத்தையே போடுகிறேன், அதிலும் பனி கொட்டுகிறது, நம் ஊர்ப் பனி போதாதா என்பார் அத்தை.